முகப்படத்தோடு நின்றுவிடலாமா? உணர்வும் தேவையும் கற்பிக்கும் நடவடிக்கைகள் பற்றி

உணர்வு முகங்கள் ஒட்டிய அட்டை நம்மில் பலருடைய வகுப்பறைச் சுவரில் உண்டு. சிரித்த முகம், அழுத முகம், சிவந்த முகம். "இன்னிக்கு நீ எந்த முகம்?" என்று கேட்கிறோம். பிள்ளை ஒன்றைத் தொட்டுக் காட்டுகிறது. நாம் பாடத்துக்குப் போய்விடுகிறோம். இந்த நடவடிக்கை தவறென்று சொல்லவில்லை. பாதியில் நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை.

பாகான் டத்தோ பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் எடுத்தபோது, ஒரு மாணவன் தினமும் சிவந்த முகத்தையே தொடுவான். "கோபம்" என்று நானும் குறித்துவைத்தேன். மூன்றாவது வாரம்தான், "உனக்கு என்னப்பா வேணும்?" என்று கேட்கத் தோன்றியது. "பசியாறல டீச்சர். வேன் சீக்கிரமே வந்துருது" என்றான். என் அட்டையில் பசிக்கு முகமே இல்லை. இரண்டு வாரம் நான் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உணர்வுக்குப் பின்னால் ஒரு தேவை இருக்கிறது என்பதை முறையாக வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் (1934–2015). கண்டதைச் சொல், உணர்வைச் சொல், தேவையைச் சொல், பிறகு வேண்டிக் கேள் என்று நான்கு படிகள் வைத்தார். நல்ல முறைதான். ஆனால் அதை அப்படியே மொழிபெயர்த்தால், "நான் வருத்தமாக உணர்கிறேன், ஏனெனில் எனக்கு மரியாதை தேவைப்படுகிறது" என்று பயிற்சித்தாளில் வந்து நிற்கும். எந்த எட்டு வயதுப் பிள்ளை இப்படிப் பேசும்?

நம் பிள்ளைகள் பேசுவதைக் கவனியுங்கள். எனக்குப் பசிக்குது. எனக்கு வலிக்குது. எனக்குப் பயமா இருக்கு. எனக்கு வேணும். உணர்வும் தேவையும் ஒரே நான்காம் வேற்றுமையில் வருகின்றன. ஆகவே இரண்டு வாக்கியம் போதும்: "எனக்குப் பயமா இருக்கு. எனக்குப் பக்கத்துல ஆள் வேணும்." இது பழகியபின் "எனக்கு" என்பதை "அவனுக்கு" என்று மாற்றச் சொல்லுங்கள். பிறர் நிலையை உணர்தல் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் "அவனுக்கு" என்று சொல்வது வெறும் ஊகம். சரியா என்று அவனிடமே கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

தேர்வெழுதும் மாணவர்களே, இதற்கு நம் இலக்கணத்திலும் வேர் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களனாக நான்கு நான்கு தருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது இகழப்படுதல், இழத்தல், இருந்த நிலை தளர்தல், இல்லாமை. இங்கே ரோசன்பெர்க்கிடம் எனக்கு ஒரு வேறுபாடு. பிறர் செயல் வெறும் தூண்டுதல், உணர்வுக்குக் காரணம் நம் தேவையே என்பார் அவர். கேலிக்கு ஆளாகி அழும் பிள்ளையிடம், "உனக்கு என்ன தேவை?" என்று மட்டும் கேட்டால், இழைத்தவன் தப்பித்துக்கொள்வான். இளிவை முதலில் வைத்த தொல்காப்பியர் அங்கே நமக்குக் கூடுதலாக உதவுகிறார்.

இன்னொரு குறை. பிள்ளையை முன்னால் நாற்காலியில் உட்காரவைத்து, "உன் சோகத்தைச் சொல்" என்னும் நடவடிக்கை சிறிய பள்ளிக்கு ஒத்துவராது. முப்பது பேருக்கும் குறைவான பள்ளியில், கூட்டு வகுப்பில், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். காலையில் சொன்னது மாலைக்குள் தோட்டம் முழுக்கப் போய்விடும். ஆகவே கதையில் வரும் பிள்ளையைப் பேசவிடுங்கள். கடல்பெருக்கில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, பள்ளிக் காலணி நனைந்துபோய், சிலிப்பரோடு வந்த ஒரு பிள்ளை. அவனுக்கு என்ன மாதிரி இருக்கும்? அவனுக்கு என்ன வேணும்? நாம என்ன செய்யலாம்? வகுப்பில் யாருக்கும் இல்லாத பெயரை அவனுக்கு வையுங்கள்.

நன்னெறிக் கல்வியின் 14 நெறிகளில் நன்மனம் ஒன்று. அதற்கும் அடைவுநிலை குறிக்கிறோம். "நான் அவனுக்கு உதவி செய்வேன்" என்று எழுதினால் நல்ல நிலை கிடைக்கும் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். என்ன நடந்தது, அவனுக்கு எப்படி இருக்கும், என்ன வேண்டும், அதற்கு எந்த உதவி பொருந்தும் என்று நான்கும் வந்தால்தான் அது விடை. மாணவர்களே, நீங்களும் அப்படி எழுதிப் பழகுங்கள்.

அந்த முக அட்டையை நான் இன்னும் கழற்றவில்லை. அதற்குக் கீழே "உனக்கு என்ன வேணும்?" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். என் மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டின்னும் இருக்கிறது. எடுப்பவர் யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.