கயிறு யார் கையில்?

கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் புத்தகம் அளவுள்ள ஒரு சிறு பெட்டியும் அதனுடன் ஒரு திரையும் இருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். 'தின் கிளையன்ட்' என்று சொல்லப்படும் மெலிந்த முனையம் அது. அது தானாக அதிகம் கணிப்பதில்லை. நீங்கள் தட்டும் எழுத்துக்களை சர்வர் என்னும் மையக் கணிப்பொறிக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் படத்தைத் திரையில் காட்டுவதுதான் அதன் வேலை.

இம்முறையைப் பாராட்டுவோர் முதலில் சொல்வது விலையைத்தான். 2008-இல் ஆந்திரப் பிரதேச அரசு 5,000 பள்ளிகளில் 50,000 இருக்கைகளுக்கு, ஒரு கணிப்பொறியைப் பலர் பகிரும் என்கம்ப்யூட்டிங் முறையைத் தேர்ந்தெடுத்தது. சென்னையில் ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சேர்ந்து தொடங்கிய நோவேட்டியம் நிறுவனம், இதே கருத்தை 'நோவா நெட்பிசி' என்ற பெயரில் வீடுகளுக்குக் கொண்டுவர முயன்றது. மலிவு என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கணிக்கும் ஆற்றல் ஓரிடத்தில் குவியும்போது, எதை யார் மாற்றலாம் என்ற கேள்வியும் அங்கேயே குவிகிறது. அதை நாம் கேட்பதே இல்லை என்பதுதான் என் குறை.

தூத்துக்குடி வட்டாரத்தில் ஒரு கல்லூரிக்குப் புறத்தேர்வாளராகப் போயிருந்தேன். செய்முறைத் தேர்வு தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். முப்பது திரைகளும் ஒவ்வொன்றாக உறைந்தன. சர்வர் பழுது என்றார்கள். சர்வரோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தேடிப் பார்த்ததில், ஒரு மாணவன் தன் முனையத்தின் அமைப்புப் பட்டியலைத் திறந்து, ஐ.பி. முகவரி என்ற கட்டத்தில் சர்வரின் முகவரியையே தட்டிவிட்டிருந்தான். 'சர்வர் எண் இது' என்று சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்து, அதைத்தான் அங்கே தர வேண்டும் என்று நினைத்துவிட்டான், பாவம்.

ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? வலையிலும் அதேதான். எந்த முகவரி எந்தக் கருவிக்கு உரியது என்று ஒவ்வொரு முனையமும் குறித்து வைத்துக்கொள்கிறது. இரு கருவிகள் ஒரே முகவரிக்கு உரிமை கோரினால், அந்தக் குறிப்பு இங்கும் அங்குமாக மாறும். சர்வருக்குப் போக வேண்டிய செய்தி அந்த மாணவனின் பெட்டிக்குப் போய்ச் சேரும்.

அவனைத் தேர்விலிருந்தே நீக்க வேண்டும் என்றார்கள். நான் உடன்படவில்லை. பூட்டில்லாத கதவைத் திறந்தவனைக் கள்ளன் என்பது எப்படி? முனையத்தின் அமைப்புப் பட்டியலுக்கு நிர்வாகியின் கடவுச்சொல் இட வசதி இருந்தும் யாரும் இடவில்லை. போதாக்குறைக்கு, ஏதோ ஒரு பழைய மென்பொருள் ஓட மறுத்தது என்பதற்காகச் சர்வரில் எல்லா மாணவர்களுக்கும் நிர்வாகி உரிமையே கொடுத்திருந்தார்கள்!

இது புதிய நோயன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1961-இல் செய்துகாட்டப்பட்ட சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பில், பலர் தம் முனையங்களிலிருந்து ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்தனர். அவரவர் கோப்புகளைப் பிரித்துக் காக்கக் கடவுச்சொல் வந்தது. 1960-களின் நடுவில் அங்கு இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் கோப்புகளைத் திருத்தினர். திருத்தும் நிரல் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை வைத்ததால், கடவுச்சொற் பட்டியல் வரவேற்புச் செய்தியின் இடத்துக்கு மாறி, உள்ளே வந்த எல்லாருக்கும் காட்சியளித்தது. அங்கே ஒரே பெயர், இங்கே ஒரே முகவரி. வேலைக்குத் தேவையான அளவு உரிமையை மட்டுமே எவருக்கும் தருக என்ற விதியைச் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற அறிஞர்கள் 1975-இல் ஒரு கட்டுரையில் தெளிவாக வகுத்தனர்.

நம் கடற்கரையில் 1961 வரை நடந்த முத்துச் சலாபத்தை எண்ணிப் பாருங்கள். மூழ்குபவரின் உயிர், தோணியில் கயிறு பிடிப்பவர் கையில். அதனால் அந்த வேலைக்கு மைத்துனரையே வைப்பது வழக்கம் என்று சொல்வார்கள். சர்வரின் கயிறோ, சுவரில் ஒட்டிய தாளில் தொங்குகிறது.

அந்தக் கல்லூரி பிறகு செய்தது இன்னொரு தவறு. எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. வலையமைப்பைப் பாடமாகப் படிக்கும் மாணவன் தன் முனையத்தின் முகவரியைக்கூடப் பார்க்க முடியவில்லை! பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டுக்கும் தனித்தனி அனுமதி வைக்கலாம். முகவரிகளைச் சர்வரே பங்கிட்டுக் கொடுக்கட்டும். தன் சொந்த முகவரியை அந்தப் பங்கீட்டு வரிசைக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும். மாணவர் கணக்குத் திறக்க ஆசிரியருக்கு உரிமை போதும். வலையின் அமைப்பைத் தொடுபவர் ஒருவரோ இருவரோ இருந்தால் போதும்.

இன்னொன்றும் சொன்னேன். இரண்டு பழைய முனையங்களையும் ஒரு சர்வரையும் கூடத்தின் வலையோடு சேராத தனி சுவிட்சில் இணைத்து ஒரு மூலையில் வையுங்கள். அந்த மாணவனை அங்கே உட்கார வைத்து, அதே முகவரியை மறுபடியும் தட்டச் சொல்லுங்கள். மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கட்டும்.