‘வலிச்சுதாம்மா?’ என்று யார் கேட்பது?

தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. அவற்றில் பெரும்பாலானவை முதுகில் ஊசி போட்டு, மார்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து நடப்பவை. அந்தத் தாய்மாருக்கு இதில் திருப்திதானா என்று ஆராய்ந்த கட்டுரைகள் நிறைய உண்டு. ‘பெரும்பாலோருக்குத் திருப்தி’ என்றே பல முடிகின்றன. அந்த முடிவை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

முறை நல்லது, அதில் சந்தேகமில்லை. முழு மயக்கத்தில் கர்ப்பிணியின் இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்தை 1946இலேயே மகப்பேறு மருத்துவர் மெண்டல்சன் விவரித்துவிட்டார். மூச்சுக்குழாயில் குழாய் செருகுவதும் நிறைமாதத்தில் கடினம். முதுகு ஊசி இந்த இரண்டையும் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறது. குழந்தைக்குப் போய்ச் சேரும் மருந்தும் மிகக் குறைவு. முதல் அழுகையைத் தாய் தன் காதால் கேட்கிறாள்.

குறைகளும் பழையவைதான். 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் இம்முறையைத் தொடங்கிய ஆகஸ்ட் பியர், அதைத் தன்மீதே சோதித்துப் பார்த்துப் பல நாள் தலைவலியில் படுத்தார். தண்டுவட உறையில் விழும் துளை வழியே நீர் கசிவதுதான் காரணம். பென்சில் முனை கொண்ட மெல்லிய ஊசிகள் அதை வெகுவாகக் குறைத்துவிட்டன. ஊசிக்குப் பின் ரத்த அழுத்தம் இறங்கிக் குமட்டும், உடம்பு நடுங்கும். இவற்றுக்கு மருந்து உண்டு. ‘அந்த ஊசியாலதான் எனக்கு இன்னிக்கும் முதுகுவலி’ என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். நாள்பட்ட முதுகுவலிக்கும் ஊசிக்கும் தொடர்பிருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் அதை அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து சொன்னவர் யார்?

எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. ஊசி போட்டதும் ஸ்பிரிட் பஞ்சால் தொட்டு ‘சில்லுனு இருக்கா?’ என்று கேட்பார்கள். சில்லிப்பு தெரியாத இடத்திலும் தொடுவுணர்வு மிச்சமிருக்கலாம். கத்தி வைக்கும்போது ஒன்றும் தெரியாதவருக்கு, குழந்தையை வெளியே எடுக்க மேல்வயிற்றை அழுத்தும்போதோ கருப்பையை வெளியே எடுத்துத் தைக்கும்போதோ வலிக்கக்கூடும். ‘இழுக்கிற மாதிரிதாம்மா இருக்கும், வலிக்காது’ என்று முன்கூட்டி ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அவள் ‘வலிக்குது’ என்றதும் அந்த ஆறுதலே அவளுக்கு எதிராகத் திரும்புகிறது: ‘அது வலி இல்லம்மா, அழுத்தம்.’ தன் உடம்பில் நடப்பது என்னவென்று பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் தீர்மானிப்பதை அவள் கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும். பிரிட்டனின் மகப்பேறு மயக்கவியலாளர்கள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை நேராகவே எதிர்கொள்கிறது: வலி என்று அவள் சொன்னால் அது வலிதான், முடிந்தால் அறுவையை நிறுத்து, மருந்து கொடு, முழு மயக்கம் வேண்டுமா என்று கேள். இங்கும் அப்படியே நடக்க வேண்டும்.

இவ்வளவும் திருப்திக் கணக்கில் ஏறுவதில்லை. மறுநாள் வார்டில், பிள்ளை பக்கத்தில் கிடக்க, மாமியாரும் அம்மாவும் சூழ நிற்க, ஊசி போட்டவரே வந்து ‘எல்லாம் நல்லா இருந்துச்சாம்மா?’ என்றால் என்ன பதில் வரும்? பெற்றுப் பிழைத்த நிம்மதியில் எவளும் குறை சொல்லமாட்டாள். அரசு மருத்துவமனையில் காசில்லாமல் வைத்தியம் பார்த்துக்கொண்டவளுக்குக் கூச்சம் இன்னும் அதிகம். அங்கே பதிவாவது நன்றி.

சிசேரியன் தாய்மாருக்கென்றே 22 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்று 1999இல் வெளிவந்தது. ஒற்றைக் கேள்விக்கு அது எவ்வளவோ மேல். ஆனாலும் கேட்பவர் மாறாமல் பதில் மாறாது. அறுவை அரங்கில் இல்லாத ஒரு செவிலியர், உறவினர்களைச் சற்று வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்கட்டும்: எந்த நேரத்தில் வலித்தது? யாரிடம் சொன்னீர்கள்? அவர்கள் என்ன செய்தார்கள்?