குடித்த நாட்களின் கணக்கு

ஆண் குடித்தால் பழக்கம் என்கிறோம். பெண் குடித்தால் அவள் குணமே சரியில்லை என்கிறோம். அவளுக்கு எச்.ஐ.வி. தொற்றும் இருந்துவிட்டால் இரண்டையும் சேர்த்து ஊர் தீர்ப்பு எழுதிவிடும். அந்தத் தீர்ப்பை ஒதுக்கிவைத்து, அவளைச் சிகிச்சைக்கு உரியவளாக நடத்திய ஓர் ஆய்வைப் பற்றியது இந்தக் கட்டுரை. அதன் நன்மையையும் போதாமையையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

மேற்கு கென்யாவின் எல்டோரெட் நகரில், எச்.ஐ.வி. புறநோயாளர் மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வு அது. ரெபெக்கா பாப்பாஸும் உடன் ஆய்வாளர்களும் அதன் முடிவுகளை 2021இல் 'அடிக்ஷன்' இதழில் வெளியிட்டனர். பங்கேற்றவர்கள் 614 பேர்; பாதிக்குச் சற்று மேல் பெண்கள். சராசரி வயது 39. சராசரிப் படிப்பு எட்டு ஆண்டுகள்கூட இல்லை. 312 பேருக்கு நடத்தைச் சிகிச்சை, மற்றவர்களுக்குப் பொதுவான உடல்நலக் கல்வி. வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், ஆறு வாரங்கள். நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். இதற்கெனப் பயிற்சி பெற்ற துணைப் பணியாளர்கள்.

எச்.ஐ.வி. மருந்தை நாள் தவறாமல் விழுங்க வேண்டும். குடித்த நாளில் மாத்திரை மறந்துபோகிறது. மறதி தொடர்ந்தால் கிருமி மீண்டும் பெருகுகிறது. ஈரலுக்கும் சுமை கூடுகிறது. ஆகவே எப்போது, யாரோடு, எந்த மனநிலையில் குடிக்கத் தோன்றுகிறது என்று கண்டுகொள்ளவும், யாராவது ஊற்றிக் கொடுத்தால் மறுக்கவும், துக்கத்தை வேறு வழியில் கடக்கவும் இந்தச் சிகிச்சை பழக்குகிறது. ஒன்பது மாதங்கள் தொடர்ந்து பார்த்ததில், சிகிச்சை பெற்றவர்கள் குடித்த நாட்களும் குடித்த அளவும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தன.

என்னைக் கவர்ந்தது வேறொன்று. ஆண்களும் பெண்களும் தனித்தனிக் குழுக்களாக அமர்ந்தார்கள். குடிக்கும் பெண்ணுக்கு அதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். ஆண்கள் நிறைந்த அறையில் அவள் வாய் திறக்கமாட்டாள். திறந்தாலும் பாதிதான் சொல்வாள். பங்கேற்றவர்களில் குறைந்தது பாதிப்பேர் ஆறு அமர்வுகளுக்கும் வந்தார்கள் என்பதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

போதாமை எதை எண்ணினார்கள் என்பதில் இருக்கிறது. ஆய்வின் முதன்மை அளவீடுகள் இரண்டு: குடித்த நாட்களின் விழுக்காடு, குடித்த நாளில் குடித்த அளவு. இரண்டும் அவள் வாய்க்குள் போனதைத்தான் அளக்கின்றன. கென்யாவில் சோளத்திலும் தானியத்திலும் ஊறவைக்கும் புசாவையும், வடித்தெடுக்கும் சாங்காவையும் காய்ச்சி விற்பது பெரும்பாலும் பெண்களின் பிழைப்பு. 2010ஆம் ஆண்டுச் சட்டம் சாங்கா மீதிருந்த தடையை நீக்கியது. ஆனால் உரிமம், கண்ணாடிப் பாட்டில் என்று வீட்டு அடுப்பில் காய்ச்சுகிறவளுக்கு எட்டாத நிபந்தனைகளையும் வைத்தது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் அந்தப் பானையிலிருந்து வருகிறதென்றால், 'குடி இருக்கும் இடத்துக்குப் போகாதே' என்ற அறிவுரையை அவள் எங்கே வைத்துக்கொள்வது? அவள் வீடே அந்த இடம்.

குடிப்பவர் ஆணாக இருக்கும்போது இந்தக் கணக்கு என்ன சொல்கிறது என்பதற்குக் கோவாவைப் பார்க்கலாம். அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் சாதாரண ஆலோசகர்களைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2017இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. எச்.ஐ.வி.யைப் பற்றியதல்ல, ஆனால் குடிக்கான சிகிச்சை, மருத்துவர் அல்லாதவர்கள் தந்தது. பங்கேற்ற 377 பேரும் ஆண்கள். மூன்று மாதத்தில், தீங்கான குடியிலிருந்து மீண்டவர்கள் ஆலோசனை பெற்றோரில் 36 விழுக்காடு, பெறாதோரில் 26. நல்ல முன்னேற்றம்தான். அதே ஆய்வு துணைவி மீதான வன்முறையையும் அளந்தது. அதில் இரு தரப்புக்கும் வேறுபாடு தென்படவில்லை.

'குடிதான் அவரை அடிக்க வைக்கிறது' என்று காலங்காலமாக நமக்குச் சொல்லப்படுகிறது. நாமும் நம்பி, குடி நிற்கக் காத்திருக்கிறோம். குடி குறைந்தால் அடியும் தானாகக் குறையும் என்ற உறுதியை இந்த எண்கள் தரவில்லை. அடிக்கிற கைக்கு வீட்டிலும் ஊரிலும் கிடைத்திருக்கும் அனுமதியை ஆலோசனை அறை தொடவேயில்லை.

இதனால் சிகிச்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்டோரெட்டின் பெண்கள் குழுவைப் போன்ற அறை ஒவ்வொரு எச்.ஐ.வி. சிகிச்சை மையத்திலும் வேண்டும். ஆனால் அங்கே கேட்கும் கேள்விகள் பெருக வேண்டும். கடந்த மாதம் எத்தனை நாள் குடித்தாய் என்று கேட்கிறவர், எத்தனை நாள் அடி வாங்கினாய், எத்தனை நாள் சாப்பிட்டாய், மாத்திரையை வீட்டில் யாருக்கும் தெரியாமல் எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் என்றும் கேட்கட்டும். பதில்களை எழுதிக்கொள்ளட்டும். எழுதிய பிறகு அவற்றுக்கும் சேர்த்துச் சிகிச்சை தேடட்டும்.