மலையகப் புனைகதையும் யாழ்ப்பாண வாசகரும்

பெரு நாட்டின் அந்தீஸ் மலைப்புறத்தில் பூக்கியோ என்றோர் ஊர் உண்டு. கெச்சுவா மொழி பேசும் குடியானவர் மிகுந்த அவ்வூரைக் களமாகக் கொண்டு ஹொசே மரியா அர்கேதாஸ் 1941இல் ‘யாவார் ஃபியெஸ்தா’ என்னும் நாவலை எழுதினார். மலைமக்கள் தம் முறைப்படி நடத்திவந்த காளை விழாவை அரசு அநாகரிகமெனத் தடுக்கிறது. பயிற்சி பெற்ற வீரனொருவன் வருவிக்கப்படுகிறான். அவன் களத்தில் தோற்றொதுங்க, ஊரவரே காளையை எதிர்கொள்கின்றனர்.

கதையினும் முதன்மையானது அதன் மொழியே. தாயை இளமையில் இழந்து, மாற்றாந்தாய் வீட்டு ஏவலாளரோடு அடுக்களையில் வளர்ந்தவர் அர்கேதாஸ். தம் தொடக்கக் கதைகளை அவர் முதலிற் செம்மையான இஸ்பானியத்தில் எழுதினார். நண்பர் பாராட்டினர். அவருக்கோ அம்மொழியில் தம் மக்கள் பொய்யுருக்களாகத் தோன்றினர். கெச்சுவாவின் சொல்லொழுங்கு ஊடுருவிய ஓர் இஸ்பானியத்தை அவர் தாமே ஆக்கிக்கொள்ள நேர்ந்தது.

இந்திய வம்சாவளித் தமிழர் பெருந்தொகையினராக வாழும் நுவரெலியா மாவட்டத்தை யாழ்ப்பாணத்திலிருந்து நோக்கும்போது இச்செய்தி கருதற்பாலது. பெருவில் மொழி வேறென்பது கண்கூடு. ஆதலின் எழுத்தாளன் விழிப்படைகிறான். இங்கோ, மொழி ஒன்றென்னும் எண்ணமே இடையிலுள்ள தூரத்தை மறைத்துவிடுகிறது. ‘பேர்’ என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாண வாசகருக்கு அது பெயர் மட்டுமே. தோட்டத்திலோ, ஒரு நாள் உழைப்புப் பதிவாவதும் அதற்குரிய கூலியும் அதுவே. கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. மனிதரின் பெயரே பாதியாக வெட்டப்படுவதுபோல் ஒலிக்கும் இச்சொல்லில் ஒரு சமூகத்தின் வரலாறு அடங்கியுள்ளது. பிரட்டு, லயம், கவ்வாத்து முதலியனவும் அத்தகையனவே. அடிக்குறிப்பிற் பொருள் தந்துவிட்டால் இவை விளங்கிவிடும் என்று கருதுவது திறனாய்வாகாது.

1960களில் யாழ்ப்பாணத்து முற்போக்கு எழுத்தாளரின் பேச்சுவழக்கை ‘இழிசனர் வழக்கு’ எனப் பண்டிதர் சிலர் பழித்தபோது, அதனை எதிர்த்து வலிமையாக வாதிட்டவர்கள் இருந்தனர். டொமினிக் ஜீவாவும் டானியலும் தம் மாந்தரை அவரவர் நாவிலேயே பேசவைத்தனர். அவ்வாதத்தின் நியாயம் மலையக எழுத்தை மதிப்பிடுகையில் அதே கூர்மையுடன் பிரயோகிக்கப்படவில்லை. அவ்வெழுத்துப் பெரும்பாலும் துயரத்தின் சான்றாகவே வாசிக்கப்பட்டது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனக் கூறுபோட்ட காலத்தில் அவ்வாசிப்பு இயல்பானதே. எனினும் அது போதுமானதன்று.

வடபுலத்தவரான நந்தியின் ‘மலைக்கொழுந்து’, பெனடிக்ற் பாலனின் ‘சொந்தக்காரன்’ ஆகிய நாவல்கள் இவ்விடத்து நினைக்கப்படல் வேண்டும். இவற்றின் பரிவு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆயினும் பரிவு, காண்பவனுக்கும் காணப்படுபவனுக்கும் இடையே ஒரு கோட்டை இட்டே தொடங்குகிறது. பூர்வகுடியைப் பற்றிய இலக்கியம் வேறு, பூர்வகுடி தானே படைக்கும் இலக்கியம் வேறு என்று பெருவின் சிந்தனையாளர் மரியாதெகி 1928இலேயே வேறுபடுத்திக் காட்டினார்.

அவ்வேறுபாட்டை உணர்த்துபவர் தெளிவத்தை ஜோசப். 1979இல் வெளிவந்த தம் சிறுகதைத் தொகுதிக்கு ‘நாமிருக்கும் நாடே’ எனப் பாரதியை நினைவூட்டும் பெயரை அவர் இட்டபோது, நாடற்றோர் எனப்பட்ட மக்களின் வாயில் அத்தொடர் வேறொரு பொருள் பெற்றது. அவருடைய மாந்தர் தம்மை விளக்கிக்கொண்டிருப்பதில்லை, பேசுகிறார்கள், அவ்வளவே. சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய கவிதையை ஆங்கிலத்திற் பாடியவர். மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து 1983இல் நூலாக்கியவரும் அவரே. அயன்மொழியில் தொடங்கி லயத்தின் பாட்டுக்கு வந்து சேர்ந்த அப்பயணம், அர்கேதாஸின் பயணத்துடன் ஒப்பிட்டு விரிவாக ஆராயத்தக்கது.

இன்னொன்றும் உண்டு. மலையகச் சிறுமியரும் சிறுவரும் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட காலம் நெடியது. அர்கேதாஸ் கெச்சுவாவைக் கற்றது அடுக்களையில். அத்தகைய அடுக்களைகள் குடாநாட்டிலும் இருந்தன. அங்குப் பேசப்பட்ட தமிழை, அவ்வீடுகளிற் பிறந்து பின்னர் எழுத்தாளரானோர் எவ்வாறு கேட்டனர் என்பதை அவர்தம் படைப்புகளிலேயே தேடிக் காணவேண்டியுள்ளது.