நீட்டி விட்ட கம்பிக்கு என்ன விலை?

அம்பத்தூரில் ஏறி ஆவடி தாண்டிப் பட்டாபிராம் வரை மின்சார ரயிலில் போகிறவர் மொட்டை மாடிகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். பல மாடிகளில் பில்லர் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். சிலவற்றின் தலையில் பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்திருப்பார்கள். சிலவற்றில் கொடி கட்டித் துணி காயும். பெண்ணின் கல்யாணம் முடியட்டும், பி.எஃப். பணம் கைக்கு வரட்டும், மேலே ஒரு போர்ஷன் எடுத்துவிடலாம் என்று விட்டுவைத்தவை. 1961-இல் ஆவடிக்குக் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964-இல் அம்பத்தூருக்குத் தொழிற்பேட்டையும் வந்த பிறகு இந்தப் பக்கம் குடியேறிய குடும்பங்களில் பல, வீட்டை ஒரே மூச்சில் கட்டியதில்லை. சம்பளம் போலவே வீடும் தவணையில்தான் வளர்ந்தது.

பணம் கைக்கு வந்ததும் முதலில் கேட்கும் கேள்வி, “மேஸ்திரி, சதுர அடி என்ன ரேட் போகுது?”

இது அசட்டுக் கேள்வி என்று சொல்லும் பொறியாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. லேத்தில் நிற்கும் தொழிலாளி டீக்கடை பெஞ்சிலேயே பெருக்கிப் பார்த்து, எவ்வளவு கடன் வாங்கலாம் என்று முடிவு செய்ய முடிகிறது. செங்கல் கூடுதலாகப் போனாலும் சிமென்ட் வீணானாலும் அது கான்ட்ராக்ட் எடுத்தவர் தலைவலி. கடைசியில் தகராறு வந்தால் டேப்பைப் பிடித்து அளந்து தீர்த்துக்கொள்ளலாம். அரசே இந்தக் கணக்கைப் பின்பற்றியிருக்கிறது. 2015-இல் மூட்டை 190 ரூபாய்க்கு வந்த அம்மா சிமென்ட் திட்டத்தில் 100 சதுர அடிக்கு 50 மூட்டை, 1,500 சதுர அடிக்கு 750 மூட்டை என்பதுதான் அளவு. ஆனால் பழுதுபார்க்கும் வேலைக்கு மட்டும் 10 முதல் 100 மூட்டை என்று தனியாக வைத்தார்கள். பழைய வீட்டில் கை வைக்கும் வேலை சதுர அடிக்குள் அடங்காது என்பது அந்த விதியை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

வில்லங்கம் அங்கேதான். ஊரில் புழங்கும் ரேட், காலி மனையில் கடக்கால் தோண்டிப் பெயின்ட் வரை முடிக்கும் வீட்டின் சராசரி. பெரிய ஹால், சின்ன பாத்ரூம், செலவு அதிகமான இடம், குறைவான இடம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வந்த எண் அது. அதைத் தூக்கி 300 சதுர அடி மாடிப் போர்ஷனுக்குப் போட்டால் கணக்கு கோணிப்போகிறது.

சுவரை மட்டும் பாருங்கள். உள்ளளவு 20-க்கு 20 அடி ஹாலுக்கு 400 சதுர அடி தரை, சுற்றி 80 அடிச் சுவர். 10-க்கு 10 அறைக்கு 100 சதுர அடி தரை, ஆனால் 40 அடிச் சுவர். சின்ன அறையின் ஒவ்வொரு சதுர அடியும் பெரிய ஹாலைப்போல இரண்டு பங்கு சுவரையும் பூச்சையும் பெயின்டையும் சுமக்கிறது. சமையலறை, பாத்ரூம் என்றால் கேட்கவே வேண்டாம்: பைப், டைல்ஸ், கதவு, வயரிங் எல்லாம் அந்தச் சின்ன இடத்தில்தான் குவியும். இந்த நஷ்டம் மேஸ்திரிக்குத் தெரியாதா? தெரியும். ரேட்டை ஊரோடு ஒத்துச் சொல்லிவிட்டு, விட்டதை “எக்ஸ்ட்ரா”வில் பிடிப்பார்.

அடுத்தது, எந்தச் சதுர அடி? வீட்டுக்காரர் மனதில் இருப்பது கட்டில் போடும் தரை. கான்ட்ராக்டில் அளப்பது வெளிச்சுவருக்கு வெளிச்சுவர். அதே 10-க்கு 10 அறை, சுற்றி ஒன்பது அங்குலச் சுவரோடு பதினொன்றரைக்குப் பதினொன்றரை, அதாவது 132.25 சதுர அடி. சதுர அடி 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை லட்சம் என்று நினைத்தது 3,30,625 ஆகிறது. யாரும் ஏமாற்றவில்லை, இருவரும் வேறு வேறு அளவைப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். படிக்கட்டு, ஹெட் ரூம், பால்கனி, சன்ஷேடு இவை முழுதாகச் சேருமா, பாதியா, சேரவே சேராதா என்பதைத் தளம் போட்ட பிறகு பேசுகிற வீடுகளில்தான் சண்டை வருகிறது.

மாடி எடுக்கும்போது இன்னொரு வாக்குவாதம் தவறாமல் நடக்கும். “கடக்கால் செலவே இல்லையே, குறைச்சுக்கோங்க” என்பார் வீட்டுக்காரர். “மேலே ஏத்துற கூலி இருக்கே சார்” என்பார் மேஸ்திரி. இரண்டும் நியாயம்தான். இரண்டையும் எழுதிக் கழித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் குறை. பழைய மாடியில் தட்டோடும் அதற்கடியில் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும் இருந்தால் அதை உடைக்க வேண்டும், மூட்டை கட்டி இறக்க வேண்டும், வண்டி வைத்து அனுப்ப வேண்டும். ஒரு சதுர அடிகூடக் கட்டாமல் போகும் பணம் இது.

அந்தக் கம்பிகளுக்கு வருகிறேன். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ. துருப்பிடித்து 10 மி.மீ. ஆகத் தேய்ந்தால் 0.617 கிலோ. கண்ணுக்கு இரண்டு மில்லிமீட்டர்தான். எடையில் முப்பது சதவீதம் போய்விட்டது. பதினைந்து வருஷ மழையில் நின்ற கம்பியோடு புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்டிவிடலாம் என்பது ஆசை. நல்ல இரும்பு தெரியும்வரை கான்கிரீட்டைக் கொத்த வேண்டும், இல்லையென்றால் துளை போட்டு ரசாயனப் பசையில் புதுக் கம்பி நட வேண்டும். செலவு துளைக் கணக்கில் வரும். பில்லரே இல்லாத பழைய சுமைதாங்கிச் சுவர் வீடு என்றால் கேள்வி இன்னும் கீழே போகிறது. கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி என்று ஏரிகளின் ஓரமாகப் பரவிய பகுதி இது. களிமண் இருக்கும் இடத்தில் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். ஒரு மூலையில் பள்ளம் தோண்டிக் கடக்கால் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று பார்க்காமல் சொல்லும் ரேட்டுக்கு மதிப்பே இல்லை என்பது என் கட்சி.

விலைவாசியும் உண்டு. 2025 ஏப்ரலில் கனிம நில வரியை ஒட்டி ஜல்லியும் எம்-சாண்டும் ஏறின. பேசிய ரேட்டைத் திருத்தச் சொன்னவர்கள் பலர். அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. ரேட்டைக் குறைத்துக்கொள்கிறேன் என்று எந்த கான்ட்ராக்டரும் யார் வீட்டுக் கதவையும் தட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

அப்படியானால் பொறியாளர் தரும் விரிவான எஸ்டிமேட்தான் தீர்வா? அதையும் முழுதாக நம்பத் தயாராக இல்லை. வங்கிக் கடனுக்காகப் போடும் எஸ்டிமேட் பல நேரம் கடன் தொகையிலிருந்து பின்னோக்கி எழுதப்படுவது. 14,37,682 என்று கடைசி ரூபாய் வரை இருக்கும்; வீட்டைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பொதுப்பணித் துறையின் பழைய வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பரப்பளவை வைத்துத் தோராய மதிப்பீடு போட்டு நிர்வாக ஒப்புதல் வாங்குவார்கள். வேலைவாரியாக அளவெடுத்து எழுதிய பிறகுதான் தொழில்நுட்ப ஒப்புதல். கட்டலாமா என்ற கேள்விக்கு ஒரு கணக்கு, எவ்வளவுக்குக் கட்டுவது என்ற கேள்விக்கு வேறு கணக்கு. நாம் முதல் கணக்கிலேயே கையெழுத்தும் போட்டு அட்வான்ஸும் கொடுத்துவிடுகிறோம்.

சுவர், தளம், பூச்சு இவற்றுக்குச் சதுர அடி ரேட் இருக்கட்டும். இடிப்பது, கம்பி நடுவது, படிக்கட்டு, பாத்ரூம், சமையலறை மேடை ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதி வாங்குங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார் என்று பயப்பட வேண்டியதில்லை. சம்ப்புக்கும் செப்டிக் டேங்குக்கும் லிட்டர் கணக்கில், காம்பவுண்டுச் சுவருக்கு அடிக் கணக்கில் அவர் ஏற்கெனவே விலை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.