522-க்கு அர்த்தம் சொன்னால் போதுமா?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை மாதிரி ஒரு சின்னக் கடை வெப்சைட் போட்டா, அமைப்பு வழக்கமா இப்படித்தான் இருக்கும்: விலை குறைந்த ஒரு ஷேர்டு ஹோஸ்டிங், அதற்கு முன்னால் கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டம். கிளவுட்ஃப்ளேர் ஒரு சிடிஎன். புடவைப் படங்களைச் சென்னை, சிங்கப்பூர் என்று பல ஊர்களில் உள்ள தன் சர்வர்களில் நகல் வைத்து, பார்ப்பவருக்குப் பக்கத்திலிருந்தே கொடுக்கும். அதாவது வாடிக்கையாளருக்கும் கடையின் சர்வருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு ஆள் நிற்கிறார். ஏதாவது கெட்டுப்போனால் திரையில் எண் காட்டுபவரும் அவர்தான்.

521, 522, 525, 526. இந்த எண்கள் ஹெச்டிடிபி தரநிலையில் கிடையாது, கிளவுட்ஃப்ளேர் சொந்தமா வைத்துக்கொண்டவை. அதனால்தான் எண்ணைக் கொடுத்தால் விளக்கம் தரும் கருவிகள் இணையத்தில் இத்தனை முளைத்திருக்கு. அவை சொல்லும் அர்த்தம் பெரும்பாலும் சரிதான். என் குறை வேற: அவை அகராதி வேலையோடு நின்றுவிடுகின்றன.

522-ஐ எடுத்துக்குவோம். 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று கருவி சொல்லும். கூடவே குக்கீயை அழி, வேற பிரவுசரில் பார் என்று ஒரு பட்டியல். 522 என்றால் கிளவுட்ஃப்ளேர் கதவைத் தட்டியும் கடையின் சர்வர் பதில் தரவில்லை என்று அர்த்தம். இதில் வாடிக்கையாளர் செய்ய ஒன்றுமே இல்லை. இதற்கு அடிக்கடி வரும் காரணம் ஒன்று உண்டு: எல்லா வாடிக்கையாளர்களும் கிளவுட்ஃப்ளேரின் ஐபி முகவரிகள் வழியாகத்தான் வருவார்கள். கூட்டம் கூடினால் ஹோஸ்டிங்கின் ஃபயர்வால் அதைத் தாக்குதல்னு நினைத்து அந்த முகவரிகளையே அடைத்துவிடும். அப்போ வைகாசி முகூர்த்த சீசனில், வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்துக் கடை மூடிக்கும். கடைக்காரருக்கு வேண்டியது அகராதி அர்த்தம் இல்ல. 'ஹோஸ்டிங்காரரைக் கூப்பிட்டு, கிளவுட்ஃப்ளேர் ஐபிகளை அனுமதிக்கச் சொல்லுங்க' என்ற ஒரு வரிதான்.

1020 இன்னும் மோசம். 'ஃபயர்வால் விதி உங்களைத் தடுத்தது' என்பதோடு விளக்கம் முடியும். எந்த விதி? வெளிநாட்டு ஸ்பேம் தொல்லைக்காக யாரோ போட்ட ஒரு விதி, டொரண்டோவில் மகள் கல்யாணத்துக்குப் புடவை தேடுகிறவரைத் தடுத்திருக்கலாம். காஞ்சியில் உட்கார்ந்து திறந்து பார்த்தால் சைட் நன்றாகவே ஓடும். பக்கத்தின் அடியில் 'ரே ஐடி' என்று ஒன்று இருக்கு. அதை வைத்துத் தேடினால் எந்த விதி என்று உரிமையாளரின் டாஷ்போர்டில் தெரிந்துவிடும். 'அந்த ஐடியைக் கடைக்காரருக்கு அனுப்புங்க' என்று கருவி சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

அகமாய் வேறொரு வழி. அதன் பிழைப் பக்கத்தில் புள்ளி வைத்துப் பிரித்த ஒரு நீண்ட ரெஃபரன்ஸ் எண் வரும். மூன்றாவது துண்டு நேரம். 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய விநாடிகள். 1700000000 என்றிருந்தால், நம் நேரப்படி 2023 நவம்பர் 15, அதிகாலை 3:43. இவ்வளவு நாமே படிக்கலாம். ஆனால் உண்மையான காரணத்தைச் சொல்லும் கருவி அகமாய்க்குப் பணம் கட்டும் வாடிக்கையாளரின் லாகினுக்குள் இருக்கு. எண் ஒருத்தர் கையில், சாவி இன்னொருத்தர் கையில்.

எண் மட்டும் போதாது என்பதற்கு 2025 நவம்பர் 18 நல்ல சாட்சி. நம் நேரம் மாலை 4:50-க்கு கிளவுட்ஃப்ளேர் சறுக்கியது. ஒரு டேட்டாபேஸ் அனுமதி மாற்றத்தால், பாட்களைக் கண்டுபிடிக்கும் கோப்பு இரு மடங்கு பெருத்து, மென்பொருளின் வரம்பைத் தாண்டியது. உலகம் முழுக்க 500 வந்தது. 500-க்கு அகராதி அர்த்தம், 'சர்வரில் உள்பிழை'. அதை நம்பி அன்றைக்குக் கடைக்காரர் ஹோஸ்டிங்காரரோடு சண்டை போட்டிருந்தால் வீண். ஆனால் அதே பக்கத்தில் பிரவுசர், கிளவுட்ஃப்ளேர், ஹோஸ்ட் என்று மூன்று படங்கள் இருந்தன. நடுவில் உள்ளதில்தான் சிவப்புப் பெருக்கல் குறி. எண் சொல்லாததை அந்தப் படம் சொன்னது.

இந்த மாதிரிக் கருவியை யாராவது தமிழில் செய்வதாக இருந்தால், கேள்வியை மாற்றிக்கொள்ளணும். 'இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்' என்பது இரண்டாம் பட்சம். நீங்க யார், பார்ப்பவரா, கடைக்காரரா, சர்வர் பார்ப்பவரா என்று முதலில் கேட்கட்டும். பழுது எந்தப் பக்கம், எந்த எண்ணைக் குறித்துக்கொண்டு யாரிடம் என்ன சொல்லணும் என்று பதில் தரட்டும். பார்ப்பவர் செய்ய எதுவும் இல்லையென்றால், 'காத்திருங்க, இல்லைன்னா கடைக்குப் போன் பண்ணுங்க' என்று அதையும் நேராகச் சொல்லட்டும்.