காலி அரங்கில் ஒரு வெற்றி

நேருக்கு நேர் இரண்டு திரைகள். ஒன்றில் ஆண் பாடுகிறார், மற்றதில் பெண். நடுவில் நிற்கும் நாம் இரு பக்கமும் மாறி மாறித் திரும்ப வேண்டியதுதான். ஈரானியக் கலைஞர் ஷிரின் நெஷாத் 1998இல் உருவாக்கிய 'டர்புலன்ட்' என்ற கறுப்பு-வெள்ளைப் படைப்பை நான் ஒரு நேரடிப் போட்டியாகவே பார்க்கிறேன். சாதகமெல்லாம் ஒரே பக்கம் குவிந்த போட்டி.

ஆணுக்குப் பாரசீகக் கவிஞர் ரூமியின் கவிதை இருக்கிறது, பின்னால் ஆண்கள் நிறைந்த அரங்கு இருக்கிறது. ஷோஜா அசாரி வாயசைக்க, ஷஹ்ராம் நசேரியின் குரல் ஒலிக்கிறது. முடிந்ததும் கைதட்டல். எதிர்த்திரையில் சூசன் தெய்ஹிம் நிற்கும் அரங்கில் ஓர் ஆளும் இல்லை. 1979 புரட்சிக்குப் பின் ஈரானில் ஆண்கள் முன்னால் பெண் தனித்துப் பாடத் தடை.

அவர் தொடங்குகிறார். பாட்டில் சொல்லே கிடையாது. மூச்சு, முனகல், அடித்தொண்டையின் உறுமல், திடீரென்று உச்சத்துக்கு ஏறும் கூவல். ஆணிடம் அசையாமல் நின்ற கேமரா இவரைச் சுற்றிச் சுழல்கிறது. கைதட்டு வாங்கியவர் எதிர்த்திரையில் திகைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆட்டம் கைமாறுவது இங்கேதான்.

இங்கே சொல்லைக் கைவிட்ட நெஷாத் சொல்லின் அருமை தெரியாதவர் அல்ல. 'விமன் ஆஃப் அல்லாஹ்' (1993–97) வரிசையில் புகைப்படங்களின் மேல் மையால் பெண்களின் கவிதைகளை எழுதியவர் அவர். 'ஆஃபர்டு ஐஸ்' படத்தில் ஒரே ஒரு கண், மிக அருகில். கருமணியைச் சுற்றி, விழியின் வெள்ளையில் பாரசீக எழுத்துகள். மொழி அறியாதவருக்கு அது அலங்காரமாகத் தெரியலாம். எழுதியிருப்பதோ ஃபொரூக் ஃபரோக்ஸாத்தின் கவிதை. பெண்ணின் ஆசையை ஒளிக்காமல் எழுதி, 1967இல் 32 வயதில் கார் விபத்தில் மறைந்தவர் அவர். 'ரெபெல்லியஸ் சைலன்ஸ்' படத்திலோ துப்பாக்கிக் குழல் பிளக்கும் முகத்தில், புரட்சியை ஆதரித்த தாஹெரே சஃபார்ஸாதேயின் வரிகள். எதிரெதிர் முனையில் நின்ற இரு கவிஞர்களுக்கும் ஒரே வரிசையில் இடம் கொடுத்த துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் அந்த வரிசையின் துப்பாக்கிகள், முக்காடிட்ட பெண்ணைப் பற்றி மேற்கு ஏற்கெனவே வைத்திருந்த பயத்துக்கும் தீனி போட்டன. 'டர்புலன்ட்'டில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு பெண்ணின் உடம்பும் குரலும் மட்டுமே களத்தில் நிற்கின்றன. 1999 வெனிஸ் பியனாலேயில் நெஷாத்துக்கு அனைத்துலகப் பரிசு கிடைத்தது. அவர் படைப்புகளில் எனக்கு முதலிடம் 'டர்புலன்ட்'டுக்குத்தான்.